லம்போர்கினி ஆலையும் மியூசியமும்: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

இத்தாலியில் சூப்பர்கார் ஆலையைப் பார்த்தே தீருவது என்று கிளம்புகிறவர்களில் பலர் மியூசியத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதுதான் காரணம். ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ் எல்லாவற்றுக்கும் ஹோட்டல் போட்டு முடித்த பிறகு, மிச்சமிருக்கும் ஒரு நாளில் ஆலையைத் திணிக்கப் பார்ப்பார்கள். அந்த நாள் பெரும்பாலும் சனி அல்லது ஞாயிறாக இருக்கும். அன்றைக்கு ஆலை ஓடாது.

இந்த வழிகாட்டி லம்போர்கினியை மையமாக வைத்தது. பக்கத்திலேயே இருக்கும் ஃபெராரி, பகானி என்ற மற்ற இரண்டு சூப்பர்கார் கம்பெனிகள் பற்றித் தேவையான அளவுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

1. எந்த ஆலை, எந்த மியூசியம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

லம்போர்கினியின் ஆலை சாந்தாகத்தா பொலோனேஸே என்ற சிறிய ஊரில் இருக்கிறது. வடக்கு இத்தாலியில் பொலோனியா, மோதெனா என்ற இரண்டு நகரங்களுக்கு நடுவே, வயல்வெளிகள் சூழ்ந்த சமவெளி. 1963 முதல் அதே இடம்தான். கம்பெனியின் மியூசியமும் அதே வளாகத்தில், சாலையைப் பார்த்தபடி இருக்கிறது.

இதே பெயரில் இன்னொரு மியூசியமும் உண்டு. பொலோனியாவுக்கு வடக்கே ஃபூனோ தி அர்ஜெலாத்தோ என்ற இடத்தில், நிறுவனர் ஃபெருச்சோ லம்போர்கினியின் குடும்பத்தார் நடத்துவது. டிராக்டர்கள், பழைய கார்கள், ஹெலிகாப்டர் என்று அவருடைய வாழ்க்கை முழுவதும் அங்கே இருக்கிறது. நல்ல மியூசியம்தான், ஆனால் அங்கிருந்து ஆலைக்குள் போக முடியாது. மேப்பில் பெயரை மட்டும் தட்டிவிட்டுப் போய் அங்கே இறங்கியவர்கள் இருக்கிறார்கள். சாந்தாகத்தாவுக்குத் திரும்பி ஓடுவதற்குள் டூர் நேரம் போய்விடும். அதனால் முகவரியில் ஊர்ப் பெயர் சாந்தாகத்தா என்று இருக்கிறதா என்று பாருங்கள். தெரு வியா மோதெனா.

2. ஆலை ஓடும் நாளை வைத்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. மற்ற ஊர்களை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம். ஆலையைத் தள்ள முடியாது.

திங்கள் முதல் வெள்ளி வரைதான் கணக்கு. அதிலும் ஆகஸ்ட் மாதத்தைத் தொடவே வேண்டாம். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்குப் பெரிய விடுமுறை நாள். அதை ஒட்டி வடக்கு இத்தாலியின் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். நம் ஊரில் பள்ளி விடுமுறை மே மாதம் என்பதால் பலர் அப்போது போகிறார்கள். அது நல்ல மாதம்தான். ஆனால் மே 1, ஜூன் 2 இரண்டும் அரசு விடுமுறை. ஏப்ரல் 25-ம் விடுமுறை. டிசம்பர் 8-ல் தொடங்கி ஜனவரி 6 வரை அடுத்தடுத்து விடுமுறைகள் வரும்.

இன்னொன்று, விடுமுறை வியாழக்கிழமை வந்தால் வெள்ளியையும் சேர்த்து எடுத்துக்கொள்வது அங்கே சகஜம். செவ்வாய் வந்தால் திங்களும் அப்படியே. காலண்டரில் சிவப்புத் தேதியை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய, பிந்தைய நாளையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

பொலோனியாவில் அடுத்தடுத்து இரண்டு வேலைநாள்கள் தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். செவ்வாய்–புதன் அல்லது புதன்–வியாழன் என்றால் நிம்மதி. ஒரு நாள் இடம் கிடைக்காவிட்டாலும், ரயில் வேலைநிறுத்தம் வந்தாலும், மறுநாள் கையில் இருக்கும். இத்தாலியில் ரயில், பஸ் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அடிக்கடி வெள்ளிக்கிழமையில் வந்து விழும். வெள்ளியைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

3. விசாவும் டூர் டிக்கெட்டும்: எது முன்னால், எது பின்னால்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். இங்கேதான் ஒரு சிக்கல். விசா வருவதற்கு முன் டூர் டிக்கெட் வாங்கினால், விசா தாமதமானால் பணம் போகும். விசா வரட்டும் என்று காத்திருந்தால் ஸ்லாட் போய்விடும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் கம்பெனியின் டிக்கெட் பக்கத்தில் நீங்கள் போகும் மாதத்தில் எந்தெந்த நாளில் ஆலை டூர் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அதை வைத்துத் தேதியை முடிவு செய்து, ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவோடு விசாவுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த பிறகு இரண்டு நாளைக்கொரு முறை ஸ்லாட் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். வேகமாகக் குறைகிறது என்றால், தேதி மாற்றம், பணம் திரும்பக் கிடைப்பது பற்றிய நிபந்தனையைப் படித்துவிட்டு வாங்கிவிடுங்கள். குறையவில்லை என்றால் விசா கைக்கு வந்த அன்றே வாங்குங்கள்.

4. டிக்கெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டு வகை டிக்கெட் இருக்கிறது. ஒன்று மியூசியத்துக்கு மட்டும். இன்னொன்று மியூசியமும் ஆலை டூரும் சேர்ந்தது. இரண்டாவதன் விலை பல மடங்கு. விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு, அங்கே போய் மீதிப் பணத்தைக் கட்டி ஆலைக்குள் போகலாம் என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி வந்து, அப்பாவும் மகனும் மியூசியக் கண்ணாடி வழியாக உள்ளே போகும் குழுவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆலைக்குள் போவது சின்னக் குழுவாக, குறித்த நேரத்தில், வழிகாட்டியோடு மட்டும்தான். அன்றைக்கு இடம் இருந்தால் அது அதிர்ஷ்டம். அதை நம்பி அத்தனை தூரம் போகக் கூடாது.

நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காலையின் நடுப்பகுதியை எடுங்கள். முதல் ஸ்லாட்டை எடுத்தால் பொலோனியாவிலிருந்து வரும் பஸ் தாமதமானால் தவறிவிடும். மதிய ஸ்லாட்டை எடுத்தால் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் வெறும் கார்களைப் பார்த்துவிட்டு வர நேரலாம். ஆலையில் பார்க்க வேண்டியது மனிதர்கள் வேலை செய்வதைத்தான்.

மொழியையும் பாருங்கள். இத்தாலிய மொழி டூரும் ஆங்கில டூரும் தனித்தனி. அவசரத்தில் தவறானதைச் சொடுக்கிவிட்டால் ஒன்றும் புரியாது. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் ஆலைக்கான வயது நிபந்தனையைத் தனியாகப் படியுங்கள். மியூசியத்துக்கும் ஆலைக்கும் ஒரே விதி என்று எண்ண வேண்டாம். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். இனிஷியல் உள்ளவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

5. பொலோனியாவிலிருந்து எப்படிப் போவது

தங்குமிடம் பொலோனியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விமான நிலையத்திலிருந்து மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில் சில நிமிடங்களில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விடும். பஸ் நிலையமும் அங்கிருந்து நடக்கும் தூரம். எல்லாத் திசைக்கும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும் என்பதால், பழைய நகரத்துக்குள் அழகான அறை எடுப்பதைவிட இது உதவும்.

சாந்தாகத்தாவுக்கு ரயில் நிலையம் கிடையாது. மூன்று வழி உண்டு.

பொலோனியா பஸ் நிலையத்திலிருந்து 576-ம் எண் புறநகர் பஸ் நேராகப் போகிறது. செலவு குறைவு. ஆனால் நகர பஸ் மாதிரி பத்து நிமிடத்துக்கு ஒன்று வராது. பள்ளி நாள், பள்ளி விடுமுறை நாள் என்று கால அட்டவணையும் மாறும். போக வேண்டிய தேதியைக் கொடுத்தே நேரத்தைத் தேடுங்கள். டூருக்கு ஒரு மணி நேரமாவது முன்னால் இறங்கும் பஸ்ஸைப் பிடியுங்கள்.

இரண்டாவது, சான் ஜோவான்னி இன் பெர்சிசேத்தோ வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. ரயில் வெரோனா செல்லும் பாதையில் போகும் உள்ளூர் வண்டி. டாக்ஸியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நிலைய வாசலில் வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது வாடகைக் கார். குடும்பமாகப் போனால் இதுதான் வசதி, ஆலை வாசலிலேயே இறங்கலாம். ஆனால் பொலோனியா, மோதெனா இரண்டு ஊர்களின் மையப் பகுதியிலும் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம். கேமரா படம் எடுத்துவிடும்; அபராதம் சில மாதம் கழித்துக் கார் வாடகைக் கம்பெனி வழியாக உங்கள் கார்டைத் தேடி வரும். காரை எடுப்பதும் விடுவதும் விமான நிலையத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்பும் முன்னரே வாங்க வேண்டியது அது.

உள்ளூர் ரயில் டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள எந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். ஃபோனில் வாங்கியது என்றால் பயணத்துக்கு முன் செக்-இன் செய்ய வேண்டும். பணம் கட்டி டிக்கெட் வாங்கியவர்களே இதைச் செய்யாமல் அபராதம் கட்டுகிறார்கள்.

திரும்பி வருவதையும் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். போவதற்குப் பத்துத் தடவை பார்க்கிறவர்கள் வருவதற்குப் பார்ப்பதில்லை. பிற்பகலில் பஸ்களுக்கு நடுவே இடைவெளி நீளமாக இருக்கும்.

6. எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது

அசல் பாஸ்போர்ட், டிக்கெட், மூடிய தட்டையான ஷூ. ஆலைக்குள் தரை வழவழப்பாகவும் வண்டிகள் நகர்ந்துகொண்டும் இருக்கும். செருப்பும் ஹை ஹீல்ஸும் சரிப்படாது. பெட்டிகளை ஹோட்டலிலோ பொலோனியா நிலையத்திலோ வைத்துவிடுங்கள்.

ஆலைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. ஃபோனையும் கேமராவையும் உள்ளே போகும் முன் ஒதுக்கி வைக்கச் சொல்வார்கள். வாடிக்கையாளர்களின் கார்கள், இன்னும் வெளியிடாத பாகங்கள் எல்லாம் அங்கே இருப்பதுதான் காரணம். ஒளித்து எடுத்துப் போகப் பார்க்காதீர்கள். உங்களால் குழு முழுவதும் நிற்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். வெளியே வந்ததும் பார்த்ததை எழுதி வைத்தால் அது படத்தைவிட நன்றாக நிற்கிறது.

7. முதலில் மியூசியம், அப்புறம் ஆலை

நேரம் கிடைத்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். மியூசியத்தில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆலைக்குள் போனால், அங்கே பார்ப்பது எல்லாம் அர்த்தத்தோடு தெரியும். ஆலையை முதலில் பார்த்தால் பளபளக்கும் உலோகமும் சத்தமும்தான் மனதில் நிற்கும்.

நான் பிடித்துக்கொள்ளச் சொல்வது இதை: எஞ்சின் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது?

கம்பெனியின் முதல் கார்களில் ஒன்றான 350 ஜிடியில் 12 சிலிண்டர் எஞ்சின் முன்னால் இருக்கும். நீண்ட மூக்கு அதனால்தான். 1966-ல் வந்த மியூராவுக்குப் போங்கள். பின்பக்கம் குனிந்து பாருங்கள். அதே 12 சிலிண்டரை சீட்டுக்குப் பின்னால் குறுக்காகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். நீளம் போதாததால் கியர்பாக்ஸையும் எஞ்சினோடு ஒரே வார்ப்பில் சேர்த்துவிட்டார்கள். காரின் நீளம் அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் அந்தக் குறுக்கு வைப்புதான்.

அடுத்து கவுன்டாக். இதில் எஞ்சின் மறுபடி நீளவாட்டில் வந்துவிட்டது; ஆனால் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு முன்னால், ஓட்டுநருக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எல்பி400 என்ற பெயரில் உள்ள ‘எல்பி’ நீளவாட்டில், பின்பக்கம் என்பதைத்தான் குறிக்கிறது. இந்த அமைப்பு கம்பெனியின் 12 சிலிண்டர் கார்களில் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. 2023-ல் அறிமுகமான ரெவுல்டோவில்தான் எஞ்சினை 180 பாகை திருப்பி, கியர்பாக்ஸை அதற்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நடுவே காலியான சுரங்கத்தில் 3.8 கிலோவாட்-மணி பேட்டரி உட்கார்ந்துவிட்டது. 6.5 லிட்டர் எஞ்சினும் மூன்று மின் மோட்டார்களும் சேர்ந்து 1,015 குதிரைத்திறன்.

மியூராவுக்கும் கவுன்டாக்குக்கும் நிதானமாக அரை மணி நேரம் கொடுங்கள். காட்சியில் உள்ள கார்களை அவ்வப்போது மாற்றுவார்கள்; நீங்கள் தேடிப் போன ஒரு மாடல் இல்லாமல் போகலாம், அதற்காக மனம் சோர வேண்டாம். எல்எம்002 இருந்தால் அதையும் பாருங்கள். கவுன்டாக்கின் எஞ்சினைத் தூக்கி ஒரு பாலைவன ஜீப்புக்குள் வைத்த வண்டி அது. கம்பெனியின் இன்றைய எஸ்.யூ.வி.யான உருஸ் எங்கிருந்து வந்தது என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

மியூசியக் கடையை இப்போது பார்க்காதீர்கள். வாங்கிய பையைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குள் நடக்க முடியாது.

8. ஆலைக்குள் எப்படிப் பார்ப்பது

பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் சேர வேண்டிய இடத்தில் நில்லுங்கள். குழு கிளம்பிய பிறகு ஒருவருக்காகக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

உள்ளே தரையில் கோடுகள் போட்டிருக்கும். அதற்குள்ளேயே நடங்கள். கார்களையும் பாகங்களையும் தொடக் கூடாது. தொழிலாளர்களிடம் நேராகப் பேச்சுக் கொடுக்காமல் வழிகாட்டியிடம் கேளுங்கள். லைனில் ஒவ்வொரு வேலை நிலையத்துக்கும் குறித்த நேரம் உண்டு, அதற்குள் அவர்கள் வேலையை முடித்தாக வேண்டும்.

எந்த அசெம்ப்ளி லைன் பார்க்கக் கிடைக்கும் என்பது அன்றைய உற்பத்தியைப் பொறுத்தது. 12 சிலிண்டர் லைன் கிடைத்தால் வழிகாட்டியின் பேச்சில் ஒரு காதும், கண் முழுவதும் எஞ்சினையும் காரையும் சேர்க்கும் இடத்திலும் இருக்கட்டும். மியூசியத்தில் பார்த்தது இங்கே உயிரோடு நடக்கிறது: கார்பன் ஃபைபர் உடலுக்குப் பின்னால் எஞ்சின் வந்து பொருந்துவது, அதற்கும் பின்னால் கியர்பாக்ஸ் இருப்பது, நடுச் சுரங்கத்தில் பேட்டரிக்கான இடம். சாதாரண கார் ஆலையைப் பார்த்தவர்களுக்கு இங்கே முதலில் உறைப்பது அமைதி. வெல்டிங் ரோபோக்களின் பொறி பறக்கும் காட்சியை எதிர்பார்த்து வந்தால் ஏமாறுவீர்கள். ஒரு காரைச் சுற்றி இரண்டு மூன்று பேர், கையில் போல்ட்டை அளவோடு முறுக்கும் டார்க் ரெஞ்ச், திரையில் அடுத்த படி. ஒவ்வொரு போல்ட்டும் குறித்த முறுக்கத்தை எட்டியதா என்பது பதிவாகிறது.

தோல் பகுதியில் கூட்டத்தோடு நகர்ந்துவிடாதீர்கள். எனக்கு இந்த ஆலையில் மிகப் பிடித்த இடம் அது. முழுத் தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் கையால் தடவிப் பார்க்கிறார்கள். மாடு வேலியில் உரசிய கீறல், பூச்சி கடித்த தழும்பு, மடிப்பு விழுந்த கழுத்துப் பகுதி எல்லாவற்றையும் குறித்து ஒதுக்கிய பிறகுதான் வெட்டுகிறார்கள். எந்தத் துண்டை எங்கே வெட்டினால் வீணாவது குறையும் என்று கணினி அடுக்குகிறது. ஆனால் தழும்பைக் கண்டுபிடிப்பது விரல் நுனிதான். அப்புறம் தையல். சீட்டில் ஓடும் அந்த நேர்கோட்டுத் தையலில் ஓர் ஊசிக்குத்து விலகினாலும் துண்டு திரும்பி வரும்.

கேள்விகளை முன்னாலேயே யோசித்து வையுங்கள். விலை என்ன, எவ்வளவு வேகம் போகும் என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஒரு நிலையத்தில் கார் எவ்வளவு நேரம் நிற்கிறது, தவறு கண்டால் லைனை யார் நிறுத்துவது, புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை மாதம் கழித்துத் தனியாக வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் முகம் மலரும்.

9. சாப்பாடு

ஊர் சிறியது. உணவகங்களில் மதியச் சமையல் பெரும்பாலும் இரண்டரை மணிக்கு முடிந்துவிடும், அப்புறம் இரவுதான். டூர் நீண்டால் பட்டினி. கையில் ஏதாவது வைத்திருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. இங்கே எங்கும் கிடைக்கும் சின்ன டோர்டெல்லினிக்குள் பன்றி இறைச்சி இருக்கும். பெரியதாக இருக்கும் டோர்டெல்லோனி பெரும்பாலும் ரிகோட்டா பாலாடையும் கீரையும் அடைத்தது. வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். ரொட்டி வகைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் வழக்கம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

10. மறுநாள்: ஃபெராரி அல்லது பகானி

ஒரே நாளில் லம்போர்கினியும் ஃபெராரியும் பார்க்கலாம் என்று டூர் ஏஜென்ட்கள் சொல்வார்கள். சொந்தக் கார் இருந்தால் முடியும். ஆனால் இரண்டையும் அரைகுறையாகத்தான் பார்ப்பீர்கள்.

ஃபெராரியில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஃபெராரி ஆலை இருக்கும் மரனெல்லோவில் பொதுமக்களுக்கான ஆலை டூர் என்பது பஸ்ஸில் உட்கார்ந்தபடி வளாகத்தையும் ஃபியோரானோ சோதனைப் பாதையையும் சுற்றி வருவது. இறங்க முடியாது, படம் எடுக்க முடியாது, அசெம்ப்ளி லைனுக்குள் நுழைய முடியாது. உள்ளே போவது கார் வாங்கியவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மட்டும். இது தெரியாமல் வந்து வருத்தப்படுகிறவர்கள் அதிகம். ஃபெராரிக்கும் இரண்டு மியூசியம்: மரனெல்லோவில் ஒன்று, மோதெனா ரயில் நிலையத்துக்கு அருகே என்ஸோ ஃபெராரி பிறந்த வீட்டை ஒட்டி ஒன்று. இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட் உண்டு. மோதெனா நிலையத்திலிருந்து இரண்டையும் இணைக்கும் ஷட்டில் பஸ்ஸும் உண்டு. ரேஸ் கார்கள் முக்கியம் என்றால் மரனெல்லோ போதும்.

கையால் செய்யும் வேலையை இன்னும் நெருக்கத்தில் பார்க்க ஆசை இருந்தால் நான் பகானியைத்தான் சொல்வேன். மோதெனாவுக்குப் பக்கத்தில் சான் செசாரியோ சுல் பனாரோவில் இருக்கிறது. சிறிய இடம், கார்பன் ஃபைபர் விரிப்புகளை அச்சில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வேகவைப்பது அங்கே நடக்கிறது. டூர் முன்பதிவோடு மட்டும்தான், இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். பொதுப் போக்குவரத்து சரியாக இல்லை. காஸ்டெல்ஃபிராங்கோ எமிலியா வரை ரயிலில் போய் டாக்ஸி பிடிப்பது எளிது.

11. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு

மரனெல்லோ மியூசியத்தைச் சுற்றி, பத்து இருபது நிமிடம் சூப்பர்கார் ஓட்டக் கொடுக்கும் தனியார் கடைகள் இருக்கின்றன. இவை கார் கம்பெனிகளைச் சேர்ந்தவை அல்ல. கையெழுத்துப் போடுமுன் மூன்றைக் கேளுங்கள்: விபத்து நடந்தால் நீங்கள் கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகை எவ்வளவு, கார்டில் எவ்வளவு முடக்குவார்கள், படமும் வீடியோவும் விலைக்குள் அடங்குமா. முதல் கேள்விக்குத் தெளிவான பதில் காகிதத்தில் இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

சாலையில் வேகக் கட்டுப்பாடு கண்டிப்பானது, கேமராக்களும் உண்டு. ஊருக்குள் 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால், வேகம் வேண்டும் என்கிறவர்கள் தெருவைவிட ரேஸ் டிராக்கில் ஓட்டக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தேடுவது நல்லது. அதற்கும் அசல் லைசென்ஸ் வேண்டும். ஃபோனில் உள்ள நகலை ஏற்க மாட்டார்கள்.